கல் தொங்கட்டும்

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது என்று முதலில் விதி எழுதியவருக்கு ஆதிகேசவனைத் தெரியாது. தெரிந்திருந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார்.

ஆதிகேசவன் கெட்டவன் இல்லை. ஆஸ்டின் டவுனில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். பீன்யாவில் ஸ்குரூவும் நட்டும் செய்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. பஸ் மாறிப் போய், பஸ் மாறித் திரும்பி வருகிறவன். குடி கிடையாது, வம்பு கிடையாது. ஆனால் அவனிடம் ஒரு காரியத்தைக் 'கூடாது' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அதுவரை அந்தக் காரியத்தை அவன் கனவில்கூட நினைத்திருக்க மாட்டான். சொன்ன நிமிஷத்திலிருந்து அதைச் செய்து முடிக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது.

அவன் கல்யாணமே அப்படி நடந்ததுதான். அன்னம்மாள் அப்போது தலையில் கூடை வைத்து, அதில் கேரியர்களை அடுக்கி, ரிச்மண்ட் டவுன் பக்கத்து ஆபீஸ்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொண்டிருந்தாள். கூடை ஆடாது, கழுத்து திரும்பாது, கால் மட்டும் பறக்கும். அவளிடம் பேச வேண்டும் என்று பக்கத்தில் போய் நடந்தவனுக்கு மூச்சு வாங்கியது. "பேசணும்னா கூட நட. இல்லேன்னா கம்முனு போ," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. ஒரு மழைக்காலம் முழுக்க அவன் அவளுக்குப் பக்கத்தில் அரை ஓட்டமாக ஓடினான். அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தான். கல்யாணமாகி இருபது வருஷமாகியும் அவளோடு ஒட்டி நடக்க அவனால் முடிந்ததில்லை.

கூடாது என்று சொன்னவள் அவனுடைய அக்கா சீதாலட்சுமி. அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள். ஜோகுபாளையத்தில் சொந்த வீடு, வாசலில் தினமும் கோலம், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில். தம்பி ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொள்வதா? சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். ரிஜிஸ்தர் ஆபீஸில் அவன் கையெழுத்துப் போட்ட அன்று தெருவே கேட்கிற மாதிரி சொன்னாள்: "அவ கால் என் வாசப்படியில படக் கூடாது."

"அவ கால் படாத வாசல்ல என் காலும் படாது," என்றான் தம்பி.

இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா, சொன்ன சொல்லை இருபது வருஷம் காப்பாற்றினார்கள். வீம்புக்கு விருது கொடுக்கிற வழக்கம் இருந்தால் அந்தக் குடும்பத்தில் இரண்டு வாங்கியிருப்பார்கள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை. காலிக் கேரியர்களோடு பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள் அன்னம்மாள். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில் இருக்கும்போதே பஸ் நகர்ந்துவிட்டது. கேரியர்கள் நடு ரோட்டில் உருண்டன. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். வலது கால் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. தொடை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் ஒரு பக்கமாக வளைந்து கிடந்தது.

பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் அவளைச் சேர்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு கம்பியைக் குறுக்கே ஏற்றி, அந்தக் கம்பியில் கயிறு கட்டி, கயிற்றைக் கட்டிலின் கால்மாட்டில் இருந்த கப்பி மேலாக விட்டு, மறுமுனையில் இரும்பு எடைக்கற்களைத் தொங்கவிட்டார்கள். கால் ஒரு சட்டத்தின் மேல் தூக்கலாகக் கிடந்தது. அவளே கீழே வழுக்கிப் போகாமல் இருக்கக் கட்டிலின் கால்பக்கத்தை மரக்கட்டைகள் வைத்து உயர்த்தியிருந்தார்கள்.

டாக்டர் இளவயசுக்காரர், கன்னடக்காரர், தமிழும் பேசுவார். ஆதிகேசவனைக் கூப்பிட்டுக் கல்லைக் காட்டினார்.

"தொடை எலும்பு ரெண்டா உடைஞ்சிருக்கு. தொடைச் சதைக்கு ரொம்ப பலம். அது ரெண்டு முனையையும் இழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திடும். அதுக்குத்தான் நாம இந்தப் பக்கம் இழுக்கறோம். இந்தக் கல்லு தரையைத் தொடக் கூடாது, கட்டிலைத் தொடக் கூடாது, எதையும் தொடக் கூடாது. எலும்பு கூடற வரைக்கும் தொங்கணும். யாராவது பாவம்னு தூக்கி வெச்சா, காலு குட்டை ஆயிடும். கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?"

"ஆயித்து சார்," என்றான் ஆதிகேசவன். பிறந்ததிலிருந்து அவன் மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே 'கூடாது' அதுதான்.

அடுத்த கூடாது உடனே வந்தது. வார்டை ஆளுகிற ஹெட் சிஸ்டர் சொன்னார்: பெண்கள் வார்டில் கூட இருக்க ஒரு பெண்தான் வர வேண்டும். ஆண்களுக்கு நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைதான் அனுமதி.

"நான் அவ புருஷன் சிஸ்டர்."

"இங்கே எல்லாருக்கும் புருஷன் இருக்கு. எல்லாரும் வந்து உக்காந்தா இது வார்டா, கல்யாண சத்திரமா?"

முதல் சில நாள் பக்கத்துக் கட்டில் பிரிஜெட்டால் ஓடியது. பிரிஜெட் தன் அம்மாவுக்குத் துணையாக இருந்தவள். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு. அன்னம்மாளுக்கும் அவளே பெட்பேன் வைத்தாள், முதுகு துடைத்தாள், பவுடர் போட்டாள். ஆனால் எத்தனை நாள் இரண்டு பேரைப் பார்ப்பாள்? படுத்த படுக்கையாக இருப்பவளை அசையாமல் விட்டால் முதுகில் புண் வரும், குதிகாலில் புண் வரும். ஆள் கொண்டு வாருங்கள் என்று ஹெட் சிஸ்டர் தினமும் கேட்டார். அன்னம்மாள் தரப்பில் சொந்தம் என்று இருந்தது ஒரு சித்தி. அந்தச் சித்தியும் கோலார் பக்கம் கண் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க அக்காவைக் கூப்பிடு ஆதி," என்றாள் அன்னம்மாள். புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். சீதாலட்சுமியின் புகார்ப் பட்டியலில் அதுவும் ஒன்று.

"தலைகீழா நின்னாலும் மாட்டேன்."

"தலைகீழா கிடக்கிறது நானு. நீ இல்ல."

உண்மைதான். உயர்த்திய கட்டிலில் அவள் தலை கீழேயும் கால் மேலேயுமாகச் சரிந்து கிடந்தாள். அன்று சாயங்காலம் அல்சூர் வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஜோகுபாளையத்துக்கு நடந்தான். அந்தச் சின்ன தூரம் நடக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

அக்கா வாசலில் நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அவன் படிக்குக் கீழேயே நின்று விஷயத்தைச் சொன்னான். கெஞ்ச வேண்டியிருக்குமோ என்று பஸ்ஸில் வரும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தான். அக்கா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள், உள்ளே போனாள், ஒரு பையில் இரண்டு புடவையும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு வந்தாள்.

"இன்னா பாக்கறே? நட," என்றாள்.

அதுவரை வீம்பு என்று நினைத்திருந்தானே, அது கூப்பிடுவதற்காகக் காத்திருந்த மனசு என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனான்.

சீதாலட்சுமி வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது அந்தக் காலைத்தான். தன் வாசலில் படக் கூடாது என்று அவள் சபதம் போட்ட கால். கம்பி குத்தி, கயிறு கட்டி, வீங்கி, மஞ்சள் மருந்து பூசிக் கிடந்தது. அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் வேலை செய்ததைப் பார்த்து வார்டே அசந்தது. பெட்பேன் எடுக்க முகம் சுளிக்கவில்லை. தலை வாரி, எண்ணெய் வைத்து, இரண்டு பக்கமும் பின்னிவிட்டாள். குதிகாலுக்குக் கீழே துணியை மடித்து வைத்தாள். ஒரு வாய் ஊட்டி, அடுத்த வாய் ஊட்டும் முன் வாயைத் துடைத்தாள். "அன்னம்" என்று கூப்பிட்டாள். இருபது வருஷமாக அவள் வாயில் 'அவ' என்றே இருந்த பெயர் அது. ஆதிகேசவன் நிம்மதியாகப் பீன்யாவுக்கு வேலைக்குப் போனான். நாலு மணிப் பார்வை நேரத்துக்கு ஷிஃப்ட் விட்டு வர முடியாததால், கடைசிப் பத்து நிமிஷத்துக்கு ஓடி வந்து பார்த்துவிட்டுப் போவான். ஒவ்வொரு நாளும் கல் ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் கம்பெனியில் மின்சாரம் போய், மத்தியானமே எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து ஆதிகேசவன் வார்டுக்குள் நுழைந்தான்.

எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம். அன்னம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள், முகத்தில் அப்படி ஒரு சுகம். சீதாலட்சுமி விசிறிக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் இரும்பு ஸ்டூல் ஒன்று இருந்தது. ஸ்டூலின் மேல் மடித்த போர்வை. போர்வையின் மேல், குழந்தையைத் தூங்கவைத்த மாதிரி, எடைக்கற்கள். கயிறு தொய்ந்து தொங்கியது.

அவன் போட்ட சத்தத்தில் வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்தது. எழ முடியாதவர்கள் தலையைத் தூக்கினார்கள். ஹெட் சிஸ்டர் ஓடி வந்தார், டாக்டர் வந்தார், எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பின் இரண்டு முனைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன.

"எத்தனை நாளா இப்படி?" என்றார்.

சீதாலட்சுமிதான் சொன்னாள். தினமும் மத்தியானம் கொஞ்ச நேரம். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது எடுத்துவிடுவாள், தம்பி வரும்போது எடுத்துவிடுவாள். "வலியில பல்லைக் கடிச்சிக்கினு கிடக்குது டாக்டர். மாட்டுக்குக்கூட இப்படிக் கல்லைக் கட்டி இழுக்க மாட்டாங்க. கொஞ்ச நேரம் தூங்கட்டும்னு…"

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. இன்னும் கொஞ்சம் எடை கூட்டி இழுத்துப் பார்க்கலாம், எலும்பு இன்னும் இறுகவில்லை, ஆனால் இனி ஒரு தடவை இப்படி ஆனால் கால் குட்டையாகவே கூடிவிடும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆதிகேசவன் அக்காவைப் பார்த்துப் பேசிய பேச்சை இங்கே எழுத வேண்டாம். இருபது வருஷத்துக் கோபத்தை ஒரே மூச்சில் கொட்டினான். அந்த நடையைப் பார்த்துத்தான் அவளைக் கட்டினேன், அந்த நடை போய்விட்டால் அவளிடம் என்ன மிச்சம், என்னிடம் என்ன மிச்சம் என்றான். வேணும்னே பண்ணினியா என்று கடைசியாகக் கேட்டான். சீதாலட்சுமி பையை எடுத்துப் புடவைகளைத் திணிக்க ஆரம்பித்தாள். ஹெட் சிஸ்டரும் அவள் போகத்தான் வேண்டும் என்றார். கல்லில் கை வைத்த ஆளை வார்டில் வைத்திருக்க முடியாது; இன்றைக்கே அனுப்பிவிட்டு வேறு பெண்ணைக் கொண்டு வர வேண்டும்.

"நிறுத்துங்க," என்றாள் அன்னம்மாள்.

அவள் தலையணையில் தலையைத் திருப்பினாள். அவ்வளவுதான் அவளால் திரும்ப முடிந்தது.

"அவங்களை ஏன் கேக்கறீங்க? என்னைக் கேளுங்க. எனக்குத் தெரியும் கல்லைத் தூக்கக் கூடாதுன்னு. டாக்டர் சொல்லும்போது நானும்தானே இங்க கிடந்தேன். ஸ்டூலை எடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்திருப்பாங்க. நான் சொல்லல."

"ஏன்?" என்றான் ஆதிகேசவன். குரல் அடங்கிப் போயிருந்தது.

"இருபது வருஷம் கழிச்சு இந்தக் காலை ஒருத்தங்க தொட்டு, பாவம்னு சொன்னாங்க. எடுங்கன்னு எப்படி ஆதி சொல்றது?"

சீதாலட்சுமியின் கை பைக்குள் அப்படியே நின்றது. ஹெட் சிஸ்டர் தன் மேஜையைப் பார்த்துக்கொண்டார். பிரிஜெட் தன் அம்மாவின் போர்வையைத் தேவையில்லாமல் சரி செய்தாள்.

"அண்ணி இங்கதான் இருப்பாங்க," என்றாள் அன்னம்மாள். "அவங்க போனா இந்தக் கயித்தை அவுத்துடுங்க, நானும் போறேன். நொண்டிக்கினே போறேன்."

வார்டில் விதி எழுதி வைத்தவர்கள் இப்படி ஒரு நோயாளியையும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஹெட் சிஸ்டர் இடுப்பில் கை வைத்து நின்றார். அந்த அம்மாளை நான் எப்படி நம்புவது, நாளைக்கு மறுபடியும் பாவம் பார்த்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"நான் பொறுப்பு," என்றான் ஆதிகேசவன். "அக்கா உள்ளே இருக்கட்டும். நான் கல்லைப் பாத்துக்கறேன்."

"ஆண்கள் உள்ளே…"

"உள்ளே யாரு வர்றது? இதோ வெளியே."

அவன் காட்டிய இடம் வராந்தா. அன்னம்மாளின் கட்டில் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. கால்மாடு ஜன்னல் பக்கம். கம்பிகளுக்கு வெளியே நின்றால் கப்பி, கயிறு, கல் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். வார்டு என்பது சுவருக்கு உள்ளே. வராந்தா சுவருக்கு வெளியே. அந்த வராந்தாவில் அவன் நிற்கக் கூடாது என்று எந்தப் போர்டிலும் எழுதியில்லை. ஆறு மணிக்கு வெளியே போய்விட வேண்டும் என்று மட்டும் ஹெட் சிஸ்டர் சொன்னார். அவன் தலையை ஆட்டினான். ஆட்டியதற்கு ஒத்துக்கொண்டதாக அர்த்தம் இல்லை.

கம்பெனியில் நைட் ஷிஃப்டுக்கு மாற்றிக் கேட்டான். சூப்பர்வைசர் முடியாது என்றார். அப்படியானால் வேலைக்கு வருவது தனக்கும் முடியாது என்றான். பேக்கிங்கில் அவனைப்போல் கை வேகமான ஆள் இல்லாததால் மாற்றிக் கொடுத்தார்கள். விடிந்ததும் பீன்யாவிலிருந்து நேராக வராந்தாவுக்கு வந்து, ஜன்னல் சுவரில் சாய்ந்து உட்காருவான். உட்கார்ந்தபடியே தூங்குவான். தூங்கும் முன் ஒரு காரியம் செய்தான்: அந்த இரும்பு ஸ்டூலை ஜன்னல் கம்பியோடு சணல் கயிற்றால் கட்டிப் போட்டான். திருடனைக் கட்டி வைத்த மாதிரி அது மூலையில் கிடந்தது. உட்கார ஸ்டூல் கேட்டு வந்தவர்களிடம் அன்னம்மாள், "அது ஜெயில்ல இருக்குது," என்றாள்.

சீதாலட்சுமி இப்போது வேறு ஆளாகியிருந்தாள். விசிறியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கல்லுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள். பெருக்க வருகிறவளின் துடைப்பம் கல்லின் பக்கம் வந்தால் சீறினாள். எடை கூட்டிய பிறகு வலி அதிகம். அன்னம்மாள் பல்லைக் கடிப்பாள். சீதாலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் ஓட ஓட, "தொங்கட்டும்… கல்லு தொங்கட்டும் அன்னம்," என்பாள். கல்லைத் தூக்கி வைப்பதைவிட அது எத்தனை கஷ்டமான அன்பு என்று வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்குத் தெரிந்தது. அக்காவிடம் அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கடையிலிருந்து அவளுக்குப் பிடித்த கோடுபளே முறுக்கு வாங்கி வந்து கம்பி வழியாக நீட்டினான். அவளும் வாங்கிக்கொண்டாள்.

நாள் முழுக்க ஒருவன் ஜன்னலில் இருந்தால் வார்டு சும்மா விடுமா? "அண்ணா, கேண்டீன்ல வெந்நீர் பிடிச்சிக்கினு வாங்க," என்று பிரிஜெட்தான் ஆரம்பித்து வைத்தாள். அப்புறம் ஆளாளுக்குத் தொடங்கினார்கள். ஃபிளாஸ்க் கம்பி வழியாக வெளியே வரும், டீயோடு உள்ளே போகும். மருந்துக் கடை, பழக்கடை, ரத்தப் பரிசோதனை என்று ஓடினான். பதிலுக்கு, சீதாலட்சுமி குளிக்கவும் சாப்பிடவும் போகிற நேரத்தில் அந்தப் பெண்கள் அன்னம்மாளைப் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மணி என்பது ஏழானது, பிறகு நைட் ஷிஃப்டுக்கு பஸ் பிடிக்கிற நேரமானது.

வாட்ச்மேனுக்குத்தான் பொறுக்கவில்லை. "டைம் ஆய்து, ஹோகி, ஹோகி," என்று தினமும் விரட்டிப் பார்த்தவன், ஒரு நாள் ஆஸ்பத்திரி மேலதிகாரியையே கூட்டி வந்துவிட்டான். கண்ணாடி போட்ட பெரிய மனிதர். பின்னால் ஹெட் சிஸ்டர், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

"பெண்கள் வார்டு வாசலில் இந்த ஆளுக்கு என்ன வேலை? இவன் யாருடைய ஆள்?" என்றார் அதிகாரி.

ஆதிகேசவன் வாயைத் திறப்பதற்குள் பிரிஜெட் முந்திக்கொண்டாள். "எங்க அண்ணன் சார்."

"எனக்கு மாமா ஆகணும்," என்றாள் எதிர்க் கட்டிலில் கையில் கட்டுப் போட்டிருந்தவள்.

"நம்ம பக்கத்து மனே அண்ணா," என்றாள் கன்னடக்காரப் பெண் ஒருத்தி. மூலையில் கிடந்த முஸ்லிம் பாட்டி கையைத் தூக்கி, "மேரா பேட்டா ஹை," என்று அவனை மகனாகவே ஆக்கிக்கொண்டாள். அவளுக்கும் அவனுக்கும் இருந்த உறவு காலையில் வாங்கிக் கொடுத்த இரண்டு பன்.

அதிகாரி ஹெட் சிஸ்டரைப் பார்த்தார். ஹெட் சிஸ்டர் வார்டைப் பார்த்தார். ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் ஒரு ஜோடிக் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வராந்தா வார்டு கணக்கிலே வராது சார்," என்றார் ஹெட் சிஸ்டர். "உள்ளே வந்தா நானே கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிடுவேன்."

அதிகாரி போய்விட்டார். வாட்ச்மேன் அன்று முதல் அவனிடமே டீ வாங்கிவரச் சொல்ல ஆரம்பித்தான்.

மழை நின்று, காலையில் குளிர் அடிக்கத் தொடங்கிய சமயத்தில் கம்பியை எடுத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. டாக்டர் டேப் எடுத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கால்களையும் அளந்தார். மறுபடியும் அளந்தார். ஆதிகேசவன் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தான். சீதாலட்சுமி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அரை இஞ்ச் குறையுது," என்றார் டாக்டர். "நாங்க பயந்ததுக்கு இது பரவாயில்லை. செருப்பிலே ஒரு அட்டை கூட வெச்சுக்கங்க. லேசா சாஞ்சு நடப்பீங்க."

சீதாலட்சுமி சுவரை விட்டு முன்னால் வந்தாள். "என்னாலதான்…" என்று ஆரம்பித்தாள்.

"பஸ்ஸால," என்றாள் அன்னம்மாள்.

"இல்ல அன்னம், அந்த ஸ்டூலு…"

"அண்ணி, உடைச்சது பஸ்ஸு. அரை இஞ்சோ ஒரு இஞ்சோ, பஸ்ஸு பண்ண வேலை. யார் கேட்டாலும் நான் அதான் சொல்லுவேன். நீங்க வேற சொன்னீங்கன்னா உங்களைப் பொய்க்காரி ஆக்கிடுவேன்."

சொன்னபடியே செய்தாள். ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தபோது கேட்ட ஆஸ்டின் டவுன்காரர்களிடம், ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டு மறுபடியும் கேரியர் எடுத்த அன்று கேட்ட ஆபீஸ்காரர்களிடம், ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டிய ஒவ்வொருவரிடமும், பஸ் என்றே சொன்னாள். பாவம் என்ற வார்த்தை கேட்டால் நடையைக் கூட்டுவாள். தலையில் கூடை இப்போது கொஞ்சம் ஆடியது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ஆனால் பக்கத்தில் நடந்த ஆதிகேசவனுக்கு மூச்சு வாங்குவது மட்டும் நிற்கவில்லை. அரை இஞ்ச் குறைந்தும் இவளைப் பிடிக்க முடியவில்லையே என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. அப்படி ஒரு சந்தோஷமான எரிச்சல் அவனுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சீதாலட்சுமி இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். சொந்தக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். வாசலில் பெரிய கோலம். அன்னம்மாள் வாசப்படிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் இடது காலை விட்டுவிட்டு, அந்த வலது காலை, குட்டைக் காலை, முதலில் தூக்கி வைத்தாள். சீதாலட்சுமி கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

கூடத்தில் உட்கார இடம் பார்த்தார்கள். தரையில் உட்கார அவளால் இன்னும் காலை மடக்க முடியாது. கூடத்திலிருந்த ஒரே நாற்காலியில் வயதான மாமா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அடுக்களை மூலையில் ஒரு ஸ்டூல் இருந்தது, மர ஸ்டூல். சீதாலட்சுமியின் கண் அதன் மேல் பட்டது. பட்ட வேகத்தில் திரும்பியது. "மாமா எழுந்திருப்பாரு, இரு அன்னம்," என்று தடுமாறினாள். ஆதிகேசவன் தரையைப் பார்த்துக்கொண்டான்.

அன்னம்மாள் சாய்ந்து சாய்ந்து அடுக்களைக்குப் போனாள். ஸ்டூலைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். கூடத்துக்கு நடுவில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் போட்டாள்.

"ஸ்டூல் உக்காரத்தானே அண்ணி," என்று சொல்லி அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். கால் இரண்டும் தொங்கின. "எனக்கு முதல்ல இலை போடுங்க. பசிக்குது."